மருந்தைத் தானமாக வாங்கலாமா?

2013 ஏப்ரல் 1ஆம் தேதி, ஒரு மாத்திரைக்குக் காப்புரிமை தர முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாத்திரையின் பெயர் கிளிவெக். ஒருவகை ரத்தப் புற்றுநோய் வந்தவர்கள் தினமும் விடாமல் சாப்பிட வேண்டிய மருந்து. தயாரிப்பது சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ். தன் தரப்பை விளக்கும்போதெல்லாம் அந்த நிறுவனம் ஒரு கணக்கைச் சொல்லிவந்தது. இந்தியாவில் கிளிவெக் எழுதிக்கொடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேர், அதாவது சுமார் 16,000 நோயாளிகள், ஒரு காசும் கொடுக்காமல் அதை வாங்குகிறார்கள். எல்லாம் நிறுவனத்தின் நன்கொடைத் திட்டத்தில் வருகிறது.

திட்டம் உண்மையானதுதான். அதனால் உயிர் பிழைத்தவர்களும் உண்டு. அப்படியிருக்க, அந்தக் காப்புரிமையை எதிர்த்து நின்றவர்களில் ஒரு தரப்பு புற்றுநோயாளிகளுக்காகப் பாடுபடும் ஒரு சங்கமாக இருந்தது ஏன்? சும்மா கொடுப்பவரை எதிர்த்து, வாங்குபவர்கள் சார்பில் யாராவது கோர்ட்டுக்குப் போவார்களா? ஒருவர் உயிரோடிருக்கத் தேவையான பொருள் இன்னொருவரின் நல்ல மனதைப் பொறுத்துக் கிடைக்கலாமா என்ற பழைய கேள்விக்குத்தான் இது கொண்டுபோய் விடுகிறது.

முதலில் மாத்திரையைப் பார்த்துவிடலாம். 1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர், இந்தப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்த அணுக்களில் வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973இல் ஜேனட் ரவுலி காரணத்தைச் சொன்னார்: 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருக்கின்றன. ஒட்டிய இடத்தில் உருவாகும் ஒரு புரதம், வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருகச் சொல்கிறது. அந்தப் புரதத்தைக் குறிவைத்து அடைத்து நிறுத்துவதுதான் கிளிவெக்கில் உள்ள வேதிப்பொருளான இமாட்டினிப். சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடனின் குழு அதை உருவாக்கியது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தே தீரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் ஆரெகனில் இருந்த மருத்துவர் பிரையன் டிரூக்கர். சீபா-கைகியும் சாண்டோஸும் இணைந்து 1996இல் நோவார்ட்டிஸ் ஆயின. 2001 மே மாதம் அமெரிக்காவில் மருந்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதுவரை எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொள்ள முடியாதவர்களுக்குச் சில ஆண்டுகளே ஆயுள் என்றிருந்த நோய் அது. இமாட்டினிப் எடுத்துக்கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தார்கள்.

விலைதான் எட்டவில்லை. இந்தியாவில் கிளிவெக்குக்கு மாதம் ஏறக்குறைய ரூ.1,20,000 ஆனது. அதே இமாட்டினிப்பை இந்திய நிறுவனங்கள் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குத் தந்துகொண்டிருந்தன. 2003 நவம்பரில் நோவார்ட்டிஸுக்கு இந்தியாவில் தனிச் சந்தை உரிமை கிடைத்தது. அதை வைத்து நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்க, பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. மலிவு மாத்திரையை நம்பியிருந்தவர்களுக்கு எஞ்சியவை இரண்டு வழிகள்: ஒரு லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குவது, அல்லது நன்கொடைத் திட்டத்துக்கு மனுப் போடுவது. மனுப் போட்டால் நோயை நிரூபிக்கும் பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும், பொருளாதார நிலையைக் காட்ட வேண்டும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவரிடம் தொடர்ந்து போய்வர வேண்டும். கொடுப்பவர் நிபந்தனை போடுவது நியாயம்தான். ஆனால் நிபந்தனை போடும் இடத்தில் அவர் எப்படி வந்து உட்கார்ந்தார்? மலிவு மாத்திரை கடையிலிருந்து போனபிறகுதான் பலருக்குத் தானம் தேவைப்பட்டது. அந்த மாத்திரை போனதற்கும் தானம் கொடுத்தவருக்கும் தொடர்பு இருந்தது.

தானத்தைத் தமிழ் மரபு தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. சமணர்கள் நால்வகைத் தானம் என்று உணவு, அடைக்கலம், கல்வி ஆகியவற்றோடு மருந்தையும் சேர்த்தே சொன்னார்கள். பௌத்தத் துறவி வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட நான்கு தேவைகளில் மருந்து ஒன்று. ஆனால் இதே மரபுக்கு இன்னொரு முகமும் உண்டு. கொடுப்பதைப் போற்றிய வள்ளுவர், நல்ல நெறி என்று யாராவது சொன்னாலும் பிறரிடம் வாங்குவது தீது என்று அதே ஈகை அதிகாரத்தில் சொல்கிறார். ஏற்பது இகழ்ச்சி என்று ஆத்திசூடி சின்னப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறது. கொடுப்பவரை உயர்த்தும் அதே செயல் வாங்குபவரைத் தாழ்த்திவிடும் என்ற கூச்சம் நம்மவர்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. நோயாளி ஏற்கெனவே உடம்பால் தாழ்ந்திருப்பவர். அவரை இன்னொரு படி இறக்கிவிட்டு மருந்தை நீட்டுவது தர்மமா என்பது மரபுக்குள்ளேயே எழும் கேள்வி.

குறளில் மருந்து என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதன் கடைசிக் குறள் வைத்தியத்தின் நான்கு பகுதிகளை எண்ணிச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். மருந்துக்குச் சொந்தக்காரர் என்று ஐந்தாவதாக ஒருவர் அங்கே இல்லை. மருந்தை இடித்துக் காய்ச்சியவர் பெரும்பாலும் வைத்தியராகவோ அவர் கூட்டத்தாராகவோ இருந்த காலம் அது. இன்று அந்த ஐந்தாமவரைத் தாண்டாமல் மற்ற நான்கும் ஒன்றுசேர முடிவதில்லை.

வாலாஜாபாத் பக்கம் திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. வீரசோழன் என்ற பெயரில் பதினைந்து படுக்கைகளோடு நடந்த ஓர் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, அது விவரிக்கிறது. வைத்தியர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, வஜ்ரகல்பம், கல்யாண லவணம் என்று போகிறது. இரவு விளக்குக்கு எண்ணெயையும் மறக்கவில்லை.

இதுவும் தானம்தான். ஆனால் கல்லில் வெட்டிய தானம். கொடுத்தவர் மனம் மாறினாலும் திரும்ப எடுக்க முடியாது. படுக்கையில் கிடப்பவர் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை; அவருக்கு உரியது சுவரில் எழுதியிருக்கிறது. இதை வைத்து சோழர் காலத்தில் எல்லாருக்கும் இலவச வைத்தியம் நடந்ததாகச் சொல்லிவிடக் கூடாது. அந்த ஆதுலசாலை அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் உரியது. வெளியே வயலில் வேலை செய்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் தானம் எந்த இடத்தில் உரிமையாக மாறத் தொடங்குகிறது என்பதை அந்தச் சுவர் காட்டுகிறது.

ஐரோப்பாவிலும் இதே முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் துணிந்து ஒன்று சொன்னார்: உயிர் போகும் நெருக்கடியில் ஒருவர் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டாகாது. கிறித்தவ இறையியலாளர் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. வியப்பு ஜான் லாக்கிடம்தான் இருக்கிறது. தனிச்சொத்துக்கு அடித்தளம் போட்ட தத்துவவாதி என்று இன்றுவரை எடுத்துக்காட்டப்படுபவர் அவர். ஒருவன் தன் உழைப்பைக் கலந்த பொருள் அவனுடையதாகிறது என்ற அவருடைய வாதம்தான் மருந்துக் காப்புரிமையை ஆதரிப்பவர்களின் பேச்சுக்கும் அடியில் கிடக்கிறது. லாக் ஒரு மருத்துவரும்கூட. பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆனவருக்கு 1668இல் ஈரல் கட்டிக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததை முன்னின்று கவனித்தவர். அவருடைய அரசாட்சி பற்றிய இரு நூல்களில் இரண்டாவதைத்தான் எல்லாரும் புரட்டுகிறார்கள். முதல் நூலில், பிழைக்க வேறு வழியே இல்லாதவருக்கு அடுத்தவரின் மிகுதியில் உயிர் காக்குமளவு பெறும் உரிமையை அறமே தருகிறது என்று எழுதியிருக்கிறார். ஒருவருடைய தேவையைப் பிடியாக வைத்து அவரை அடிமைப்படுத்துவது நியாயமாகாது என்பதையும் அங்கேயே சொல்கிறார். சொத்துரிமையை எழுப்பியவரே அதற்கு ஒரு வாசலும் வைத்திருக்கிறார்.

ஒருவருக்கு உரிமை என்றால் இன்னொருவருக்குக் கடமை. யாருக்கு? இதற்கு நேரான பதில் ஒன்று இஸ்லாமிய மரபில் இருக்கிறது. இமாம் கஸ்ஸாலி மருத்துவத்தை ஃபர்ளு கிஃபாயா என்ற கூட்டுக் கடமையில் சேர்த்தார். ஊரில் சிலர் அதைச் செய்தால் எல்லார் பொறுப்பும் தீரும். யாருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதற்கும் பாவம். ஆளாளுக்குச் சட்டம் படிக்க ஓடுகிறார்கள், மருத்துவம் படிக்க ஆளில்லை என்று அவர் தன் காலத்தவரைக் கடிந்தும் கொண்டார். மருந்து கிடைக்கச் செய்வது கொடையாளி ஒருவருடைய புண்ணியக் கணக்கில் வராமல் ஊரின் பொறுப்பில் வந்துவிடுகிறது.

அந்த ஊர்ப் பொறுப்பு இன்று எப்படி இருக்கும் என்று பார்க்கத் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையின் மருந்து கவுண்டர் முன்னால் ஒரு காலை வேளையில் நின்றால் போதும். ஓ.பி. சீட்டை ஜன்னலுக்குள் நீட்டினால் மாத்திரை அட்டை வெளியே வரும். அட்டையில் தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கல்ல என்று அச்சிட்டிருக்கும். வாங்குபவர் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. வரிசை நீளம் என்று திட்டிவிட்டு வேண்டுமானால் போவார். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்தை மொத்தமாக டெண்டர் விட்டு வாங்குகிறது. தரப் பரிசோதனைக்கு அனுப்புகிறது. மாவட்டக் கிடங்குகள் வழியாக மருத்துவமனைகளுக்குக் கொடுக்கிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்ட ஏற்பாடு இது. ஆனால் டெண்டருக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் ஒரே மருந்தைப் பலர் தயாரிக்க வேண்டும். விற்பவர் ஒருவரே என்றால் அவர் சொன்னதுதான் விலை. ஊரின் கடமை நடப்பதும் நின்றுபோவதும் இந்த இடத்தில் காப்புரிமைச் சட்டத்தின் கையில் போய்விடுகிறது.

காப்புரிமையை இயற்கை தந்த உரிமைபோலப் பேசுபவர்கள் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். பிரான்ஸ் 1844ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருந்துக்குக் காப்புரிமை கிடையாது என்று எழுதிவைத்தது. மேற்கு ஜெர்மனி 1968 வரை மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. நோவார்ட்டிஸின் தாய்நாடான சுவிட்சர்லாந்து 1977 வரை தரவில்லை. பாசல் நகரத்து மருந்துக் கம்பெனிகள் உலகக் கம்பெனிகளாக வளர்ந்தது அந்தக் காலத்தில்தான். இந்தியாவில் நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார் 1959இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கை இந்த நாடுகளின் சட்டங்களையெல்லாம் அலசிவிட்டு, மருந்தின் தயாரிப்பு முறைக்கு மட்டும் காப்புரிமை போதும், மருந்துக்கே வேண்டாம் என்ற திசையைக் காட்டியது. அந்த நாட்களில் இந்திய மருந்து விலை உலகிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்று என்று அமெரிக்க செனட்டின் கீஃபாவர் குழுவே குறிப்பிட்டது. 1970இல் புதிய சட்டம் வந்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக 2005இல் அதைத் திருத்தி மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டிவந்தபோது, 3(டி) என்ற பிரிவில் நாடாளுமன்றம் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. தெரிந்த மருந்தின் புதிய வடிவம், நோயைக் குணப்படுத்தும் திறனில் மேம்பட்டால்தான் அது கண்டுபிடிப்பு.

கிளிவெக் மாட்டிக்கொண்டது அங்கேதான். நோவார்ட்டிஸ் கேட்டது இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. 3(டி) பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று நிறுவனம் தொடர்ந்த வழக்கை 2007 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆர்.பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் தள்ளுபடி செய்தார்கள். குடிமக்களுக்கு நல்ல மருத்துவ வசதி தருவது அரசியல் சட்டம் விதித்த கடமை என்பதையும் அந்தத் தீர்ப்பு நினைவூட்டியது. புதிய வடிவம் உடம்பில் முப்பது சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்ற வாதம் கடைசியில் உச்ச நீதிமன்றத்திலும் எடுபடவில்லை. கூடுதலாகச் சேர்ந்ததால் கூடுதலாகக் குணமாகிறது என்று காட்டுங்கள் என்று நீதிபதிகள் கேட்டார்கள், காட்ட முடியவில்லை.

மறுபக்க வாதத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும். இந்திய நிறுவனம் எட்டாயிரத்துக்குத் தந்த மாத்திரையை முதலில் கண்டுபிடித்தது அந்த இந்திய நிறுவனம் அல்ல. பத்து மருந்துகள் ஆய்வகத்திலேயே செத்துப்போனால் ஒன்று கடைக்கு வருகிறது. அந்தப் பத்தின் செலவை யார் கொடுப்பது? எல்லா நாடும் 3(டி) போட்டுக்கொண்டால் அடுத்த இமாட்டினிப்பைத் தேட யார் பணம் போடுவார்கள்? இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. மலிவு மருந்து தயாரிப்பவர்கள் எல்லாரும் புண்ணியவான்களும் இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, தரமற்ற மருந்து, பொய்யான பரிசோதனைத் தகவல் ஆகியவை தொடர்பான குற்றச்சாட்டுகளை இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. ஏழைக்கு மருந்து என்ற பெயரில் ஏழைக்குக் கலப்படம் போய்ச்சேர்ந்தால் அதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

கண்டுபிடிப்புக்குக் கூலி வேண்டும் என்பதில் சண்டை இல்லை. எவ்வளவு, எத்தனை காலம், எதுவரை என்பதுதான் சண்டை. இந்தக் கேள்வியை ஏழை நாட்டுக்காரர்கள் மட்டும் கேட்கவில்லை. இமாட்டினிப்பின் விலை அமெரிக்காவில் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. 2013இல் இதே நோயைக் கவனிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்கள் ஒன்றுசேர்ந்து, இந்த விலைகள் அறத்துக்கு ஒவ்வாதவை என்ற வகையில் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். டிரூக்கரும் அவர்களில் ஒருவர்.

தானம் மட்டும் இருந்து சட்டம் துணைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இன்சுலின் இருக்கிறது. 1923இல் டொரன்டோவில் அதைக் கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். மருத்துவருக்கு அது அழகல்ல என்று அவர்களில் ஒருவரான பேன்டிங் தொடக்கத்தில் தன் பெயரைக் காப்புரிமையில் சேர்க்கத் தயங்கினார். யாரும் இதைத் தனக்கென்று வளைத்துப்போடக் கூடாது என்பதுதான் காப்புரிமை எடுத்ததற்கே காரணம். அதைவிடப் பெரிய மனது இருக்க முடியாது. அந்த மனது பிற்காலத்தவரைக் கட்டுப்படுத்தவில்லை. இன்சுலினின் திருத்திய வடிவங்கள் வந்தன. 1996இல் அமெரிக்காவில் ஒரு குப்பி சுமார் 21 டாலருக்கு வந்த ஹியுமலாக், இருபது ஆண்டு கழித்து 270 டாலரைத் தாண்டியது. அரசியல் நெருக்கடி முற்றிய பிறகு 2023இல்தான் அதை விற்கும் நிறுவனம் விலையை 70 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது.

தானத்தின் இன்னொரு எல்லையும் அண்மையில் தெரிந்தது. முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு என்ற மரபணு நோயுள்ள கைக்குழந்தைகளுக்கு ஒரே ஊசியாகப் போடும் ஜோல்ஜென்ஸ்மாவுக்கு அமெரிக்காவில் 2019இல் வைத்த விலை சுமார் 21 லட்சம் டாலர். நம் ஊரில் 16 கோடி ரூபாய் என்று பேசப்பட்டது. தமிழ்நாட்டிலும் பெற்றோர்கள் கைக்குழந்தையின் படத்தைப் போட்டு ஊர் ஊராக, ஃபோன் ஃபோனாக நிதி திரட்டினார்கள். இந்த மருந்தும் நோவார்ட்டிஸுடையது. மருந்து விற்பனைக்கு வராத நாடுகளுக்கு 2020 முதல் ஆண்டுக்கு 100 ஊசி வரை இலவசமாகத் தர நிறுவனம் முன்வந்தது. யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். பாரபட்சம் கூடாது என்பது நிறுவனத்தின் வாதம். வேறு எப்படித் தேர்ந்தெடுத்தாலும் குற்றச்சாட்டு வந்திருக்கும் என்பதும் உண்மை. ஆனால் சீட்டு விழாத குழந்தையின் பெற்றோருக்கு யாரிடமும் போய்க் கேட்க இடமில்லை. உரிமை மறுக்கப்பட்டால் வழக்குப் போடலாம். தானம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

அதே நோய்க்கு வாய்வழி மருந்து ஒன்றும் உண்டு: ரோஷ் நிறுவனத்தின் ரிஸ்டிப்லாம். ஒரு புட்டி ஏறக்குறைய ரூ.6.2 லட்சத்துக்கு விற்றது. ஹைதராபாத்தின் நாட்கோ அதைத் தயாரிப்பதைத் தடுக்க ரோஷ் கேட்ட இடைக்காலத் தடையை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தர மறுத்தது. அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அப்படியே சொன்னது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நாட்கோ ரூ.15,900 விலையில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு பிள்ளைக்கு நாளைக்கு 5 மில்லிகிராம் வேண்டும். 60 மில்லிகிராம் புட்டி பன்னிரண்டு நாளில் தீரும். ஆண்டுக்குச் சுமார் முப்பது புட்டி. நாட்கோவின் விலையில் அது நாலே முக்கால் லட்சம், மாதம் நாற்பதாயிரம். நடுத்தரக் குடும்பத்துக்கே தாங்காது. அரிய நோய்களுக்கான மத்திய அரசின் திட்டம் ஒரு நோயாளிக்கு ரூ.50 லட்சம் வரை தருகிறது. பழைய விலையில் அந்த மொத்தத் தொகைக்கும் எட்டு புட்டிதான் கிடைத்திருக்கும். மூன்று மாதத்தில் தீர்ந்து, குடும்பம் மறுபடி யார் கொடுப்பார் என்று பார்த்து நின்றிருக்கும். புதிய விலையில் அதே ஐம்பது லட்சம் பத்து ஆண்டுக்கு வருகிறது. அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளைக்கு மருந்து வேண்டும். அந்தப் பதினோராவது ஆண்டுச் செலவு யார் பொறுப்பு என்பதை எந்தச் சட்டமும் இன்னும் எழுதவில்லை.